பொட்டில்லாத வேலி

கல்யாணம் முடிந்து மனைவியைக் குடியேற்றத் திட்டத்துக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, நான் அவளிடம் பெருமையோடு சொன்ன முதல் வசனம் இது: "பாரும், கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு சனமில்லை."

அதை ஒரு நல்ல செய்தி என்றுதான் நினைத்துச் சொன்னேன். அவள் சுற்றிவரப் பார்த்தாள். வெட்டி எரித்த காட்டின் கட்டைகள் கருகிப்போய் நின்றன. அவற்றுக்கப்பால் வெட்டாத காடு நின்றது. "ஓம்," என்றாள். அந்த ஓமின் கனத்தை அளக்கக் கூடிய அறிவு எனக்கு அப்போது இருக்கவில்லை.

அந்த நாளில் தனிமையின் மேன்மையைப் பற்றி எழுதியவர்களை நிறைய வாசித்திருந்தேன். அவர்களில் ஒருவரும் வன்னிக் காட்டில் துணுக்காய்ப் பக்கம் காணி எடுத்தவர்கள் அல்லர். அநேகமானோருக்குச் சமைத்துப்போட வேறு ஆள் இருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். நான் வருஷக்கணக்காக முடிக்க முடியாமல் வைத்திருந்த ஒரு தடித்த புத்தகத்தைக் கறையான் ஒரே மாரிக்குள் அட்டை முதல் அட்டை வரை முடித்துவிட்டது.

குளத்துக்குக் கீழே வயல், மேட்டில் வீட்டுக்காணி. விடியப் போனால் மத்தியானம்தான் நான் வயலால் வருவேன். வரும்போது அவள் மாட்டோடு கதைத்துக்கொண்டு நிற்பாள். கதை என்றால் தடவிக்கொடுக்கிற கதை அல்ல. தன் சித்தியின் மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் ஏன் குழம்பியது என்று மாட்டுக்கு ஆதியோடந்தமாக விளக்கிக்கொண்டிருப்பாள். மாடும் அசைபோட்டபடி கேட்கும். அந்த விஷயம் எனக்கு முழுதாகத் தெரியாது. மாட்டுக்குத் தெரியும்.

"இதை எனக்குச் சொல்லலாமே," என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்குச் சொன்னால் 'அப்பிடியோ' எண்டுவியள். அது அப்பிடிச் சொல்லாது."

அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இந்தக் குறை இருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு வளவுக்கும் நெருக்கமான தென்னோலைக் கிடுகு வேலி. ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு. நெற்றியில் வைப்பதல்ல. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையக் கூடியதாக விடுகிற இடைவெளிக்கு எங்கள் பக்கத்தில் பொட்டு என்று பெயர். முன்வாசல் படலையால் வருகிறவர் விருந்தாளி. அவருக்குக் கதிரை போட வேண்டும், தேத்தண்ணி ஊற்ற வேண்டும், நல்ல சேலை உடுத்திக்கொண்டு சிரிக்க வேண்டும். பொட்டால் வருகிறவர் நேரே குசினிக்கு, அடுப்படிக்கே, வருவார். கையில் ஒரு சிரட்டை இருக்கும். உப்புக் கேட்டு வந்ததாகச் சொல்வார். உப்பு ஒரு சாட்டு. என் மாமியார் வீட்டு வளவில் மூன்று பக்கமும் பொட்டு இருந்தது. ஊரில் நடப்பது எதுவும் அந்தக் குசினியைத் தொடாமல் போனதில்லை.

எங்களுக்குப் பக்கத்துக் காணி நெடுங்கேணிக்காரருடையது. எருமையும் வேட்டைத் துவக்கும் வைத்திருந்த ஒரு மனிதர், அவருடைய மனைவி. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். அக்கா என்று சொல்வோம். அதாவது, சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்போம். அவர்களின் வீட்டை மரங்களுக்கிடையில் புகையாக மட்டும் கண்டிருந்தோம்.

நாங்கள் போன புதிதில் அவர்களே ஒருமுறை வந்தார்கள். வன்னிச் சனத்துக்குப் படலையும் இல்லை, பொட்டும் இல்லை. நினைத்த இடத்தால் நினைத்த நேரம் வருவார்கள். அன்றைக்குக் காட்டுப் பக்கத்தால் நேரே கிணற்றடிக்கு வந்தார்கள். முன்னால் அவர், தோளில் துவக்கு. பின்னால் அக்கா, கையில் தேக்கிலையில் சுற்றிய மான் இறைச்சி வத்தல். கிணற்றடியில் என் மனைவி குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டு நின்றாள். துவக்கைக் கண்டதும் வாளியை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். அவர்கள் போகும் வரை திறக்கவில்லை. நான் வீட்டுக்கு மறுபக்கத்தில் தனிமையின் மேன்மையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எழும்பி வந்து பார்த்தபோது, முற்றத்துப் பாலை மரக் கொப்பில் தேக்கிலைப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்களைக் காணவில்லை.

வத்தலைத் தின்றோம். நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

"ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வாருமன்," என்றேன்.

"எதால போறது?"

"நடந்துதான். உதில கிடக்குது வீடு."

"ரோட்டால சுத்திப் போனால் விருந்துக்குப் போற மாதிரி. வெறுங்கையோட போகேலாது. காணிக்குள்ளால போனால் மாடு பூந்த மாதிரி. பொட்டு இருந்தால் போகலாம்."

"வேலி இருந்தால்தானே பொட்டு."

"அப்ப வேலியை அடையுங்கோவன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு பின்னேரம், சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "வாற பொங்கலுக்கு நான் அம்மா வீட்டை போறன்."

"போயிட்டு எப்ப வாறீர்?"

"அதை அங்க போய்த்தான் யோசிக்க வேணும்."

சுளகுச் சத்தம் நிற்கவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அன்றைக்கு இரவே மாமாவுக்கு ஆள் அனுப்பிக் கிடுகு கேட்பதென்று தீர்மானித்தேன். நடுவில் ஓர் ஓட்டை வேண்டும் என்பதற்காகச் சுற்றிவர வேலி அடைக்கப் புறப்பட்ட மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுற்றிவர என்பது பிறகு சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் தென்னை இன்னும் முழங்கால் உயரத்தில்தான் நின்றது. கிடுகு யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டும். வைக்கோல் ஏற்ற வந்த லொறியில் மாமா அனுப்பிய கட்டுகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு பக்கத்துக்குத்தான் காணும் என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பொட்டு வேண்டியது அக்கா வீட்டுப் பக்கம். ஆகவே வேலியும் அக்கா வீட்டுப் பக்கம். மற்ற மூன்று பக்கமும் காடு திறந்து கிடந்தது. இதை வெளியில் நின்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கும் புத்தி எங்கள் இருவரில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

கதியால் கம்புகளை நட்டு, குறுக்கே வரிச்சுத் தடி கட்டி, ஒருநாள் காலையில் கிடுகை வைத்து அடைக்கத் தொடங்கினோம். வேலி அடைப்பது ஒற்றை ஆளின் வேலை அல்ல. ஒருவர் உள்ளே நின்று குத்தூசியால் கயிற்றை அந்தப் பக்கம் விட வேண்டும். மற்றவர் வெளியே நின்று அதை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பித் தர வேண்டும். நான் உள்ளே, அவள் வெளியே. கிடுகு வைத்ததும் அவள் முகம் மறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கதைக்கத் தொடங்கினாள். ஊசி போய் வரும் இடைவெளியில், எனக்கு முகம் காட்டாமல், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதைத்துக்கொண்டே போனாள். சித்தியின் மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் குழம்பிய கதை அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகக் கிடைத்தது. மாப்பிள்ளையின் தமக்கை சீதனக் காணியைப் பார்க்க வந்த இடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "கொஞ்சம் சவர்" என்றாளாம். சித்தி விட்டுக்கொடுக்காமல், "தண்ணியைக் கட்டப்போறியளோ, பெட்டையைக் கட்டப்போறியளோ?" என்று கேட்டாளாம். நான் "அப்பிடியோ" என்று சொல்லவில்லை. "பிறகு?" என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். முகத்துக்கு முகம் இருந்து சோறு தின்றபோது வராத கதை, நடுவில் ஒரு கிடுகு வந்ததும் எப்படி வந்தது என்று இப்போதும் யோசிப்பதுண்டு. வேலி மனிதரைப் பிரிக்கிறது என்று எழுதியவர்கள் வேலி அடைத்துப் பார்த்தவர்கள் அல்லர்.

கதை மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போன இடத்துக்கு வந்தபோது வேலியும் முடிவுக்கு வந்தது. கடைசி முடிச்சை இழுத்துக் கட்டிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"சரி, முடிஞ்சுது. இனி உள்ள வாரும்."

அந்தப் பக்கம் அவள் வேலியோரமாக நடக்கிற சத்தம் கேட்டது.

"வாருமன்."

"எதால?" என்றது குரல். "பொட்டெங்க?"

வேலியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தேன். எலி நுழைய இடமில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக நான் ஒரு வேலையைச் செய்ததில்லை.

"கதையைக் கேட்டுக்கொண்டு..." என்று தொடங்கினேன்.

"கதை சொன்னது என்ர பிழையோ?"

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. இரண்டு குரல்கள் மட்டும் கேட்டன.

"என்ன பிள்ளை, எங்கட காணிக்குள்ள நிண்டு என்ன செய்யிறாய்?"

"வேலி அடைக்கிறம், அக்கா."

"அது தெரியுது. ஏனெண்டு கேட்டன்."

என் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். "உங்கட வீட்டை வாறதுக்கு," என்றாள்.

கிடுகைக் கையால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எங்கட வீட்டை வாறதுக்கு எங்கட பக்கம் வேலி."

"ஓம், அக்கா."

"அங்கால யானை வரலாம். இங்கால பண்டி வரலாம். நாங்கள்தான் வரக்கூடாது."

"ஐயோ அப்பிடியில்லை, அக்கா. இதில ஒரு பொட்டு வைக்கிறதெண்டுதான்..."

"பொட்டோ? வேலிக்கோ?" அக்காவின் குரல் ஏறியது. "வையுங்கோ, வையுங்கோ. பூவும் ஒண்டு வைச்சு விடுங்கோ. நாங்கள் காட்டுச் சனம் பிள்ளை, உந்தப் படிச்ச பகிடி எங்களுக்கு விளங்காது."

சருகுச் சத்தம் தூரப் போய்விட்டது. என் மனைவி வேலியின் நுனி வரை நடந்து, சுற்றிக்கொண்டு, மாடு புகுகிற வழியால் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் குசினிக்குள் போனாள்.

மறுநாள் கத்தியோடு வேலியடிக்குப் போன என்னை அவளே மறித்தாள்.

"இப்ப வெட்டினால், அவா பேசினதுக்குப் பயந்து வெட்டின மாதிரி. பொட்டெண்டால் ரெண்டு பக்கமும் சம்மதிச்சு வைக்கிறது."

"அப்ப போய்ச் சம்மதம் கேளும்."

"எதால போய்க் கேக்கிறது?"

மாரி பிடித்தது. கதியால்கள் துளிர்த்தன. கிடுகு நனைந்து கறுத்தது. அந்தப் பக்கத்திலிருந்து முன்பு காற்றோடு வந்த குரல்கூட இப்போது வரவில்லை. அக்கா எங்கள் பக்கம் பார்த்துக் கோழியைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார் போலிருந்தது. ஒருநாள் வாய்க்காலடியில் அவருடைய புருஷனைக் கண்டு, "அண்ணை, ஒரு கதை..." என்று தொடங்கினேன். மனிதர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, என்னோட கதைக்காதேங்கோ. கதைச்சதெண்டு தெரிஞ்சால் எனக்கு வீட்டில சோறில்லை."

"நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே."

"ஆருக்கு? அவவுக்கோ?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கள் கலியாணம் கட்டி எவ்வளவு காலம்?"

வீட்டில் தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழிருந்து மேலே வந்துவிட்டது. மழை விட்ட வெயிலில் அவள் சேலைகளைக் காயப்போட்டு ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். கூறைச் சேலை, கோயிலுக்கு உடுக்கிற சேலை எல்லாம் வைத்தாள். அதில் நான் பயப்படவில்லை. பிறகு ஒருநாள் மாட்டுக்குப் புல்லுப் போடும்போது உடுக்கிற, கரை கிழிந்த பழஞ்சேலையையும் தோய்த்து மடித்து உள்ளே வைத்தாள். பொங்கலுக்குப் போய் வருகிறவளுக்குக் கிழிந்த சேலை எதற்கு?

போகாதேயும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டால், என் கையில் இருந்த ஒரே பதில் நான்தான். அது காணும் என்று எனக்கே தோன்றவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, பனி விலகாத நேரம், அவளுடைய சத்தம் கேட்டு முற்றத்துக்கு ஓடினேன். வேலியின் நடுவில் ஒரு பெரிய வாசல் திறந்திருந்தது. அதன் வழியாக வந்த பக்கத்து வீட்டு எருமை அவளுடைய கத்தரிப் பாத்திக்குள் வசதியாகப் படுத்திருந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா! உங்கட எருமையைப் பிடியுங்கோ! என்ர கத்தரி முழுக்கப் போச்சு!"

அக்கா சாணிக் கையோடு வந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அது தன்ர பாட்டில போற வழி. வழியில வேலி அடைச்சது ஆர்?"

"வேலி நிக்கிறது அதுக்குக் கண் தெரியாதோ?"

"உங்கட ஊர் எருமையள் வாசிக்குமாக்கும். எங்கட எருமை பள்ளிக்கூடம் போகேல்லை."

"வளக்கிறவைக்காவது தெரிய வேணும்!"

"எனக்கோ சொல்லுறாய்? இறைச்சியும் கொண்டு வாசலுக்கு வந்தவளுக்கு முகத்தில அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்தினனீ! உங்கட வீட்டுக் கதவு என்ன மாதிரியெண்டு எருமைக்கும் தெரியும். அதுதான் வேலியால வந்தது!"

"நான் குறுக்குக்கட்டோட நிண்டனான், அக்கா! உங்கட அவர் துவக்கோட முன்னால வாறார். கதவைச் சாத்தாமல் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறதோ?"

 அக்கா திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"உந்த மனிசனுக்கோ வெக்கப்பட்டனீ?" என்றார். "அது என்னையே இன்னும் வடிவாப் பாத்ததில்லை. போன வரியம் மூக்குத்தி மாத்தினன். இண்டைக்கும் தெரியாது அதுக்கு."

என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓர் அடி வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சண்டை முடியவில்லை; இருவரும் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

"குறுக்குக்கட்டெண்டு அண்டைக்கே வந்து சொல்லுறதுக்கென்ன?" என்றார் அக்கா.

"எதால வந்து சொல்லுறது? அதுக்குத்தானே பொட்டு வைக்க நினைச்சது!"

"என்ன கோதாரியடி அந்தப் பொட்டு?"

அவள் சொன்னாள். அம்மா வீட்டுக் கிழக்குப் பொட்டு, தெற்குப் பொட்டு, உப்புச் சிரட்டை எல்லாம் சொன்னாள். அக்கா சாணிக் கையை இடுப்பிலே துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப இந்தப் பொட்டுக்காகத்தான் அவ்வளவு வேலியும்?"

"ஓம்."

"உங்கட சனத்துக்கு விசர்," என்றார் அக்கா. "இப்ப என்ர எருமை வைச்சுக் கிடக்குது பொட்டு. வா."

"இப்பவோ?"

"வா எண்டால் வா! அடுப்பில தேத்தண்ணி கிடக்குது!"

அதட்டலாகத்தான் சொன்னார். என் மனைவி எருமை திறந்த வாசலால் போனாள். போகும்போது குனிந்தாள். குனிய வேண்டிய தேவையே இல்லை. அந்த வாசலால் ஒரு கல்யாண ஊர்வலம் போகலாம். பழக்கத்தில் குனிந்தாள். மத்தியானம் வரை திரும்பவில்லை. எருமையும் எழும்பவில்லை. நான் யாழ்ப்பாணத் தமிழில் அதட்டியது அதற்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அண்ணையும் நானும் அந்த வாசலை ஆள் அளவுக்கு ஒடுக்கிக் கட்டினோம். வீட்டில் சோறு நிச்சயமானதில் மனிதர் நிறையக் கதைத்தார். மூக்குத்தி விஷயத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் தகரப் பெட்டி கட்டிலுக்கு மேலேயேதான் இருந்தது. அவள் நாள் முழுக்க அக்கா வீட்டுக் குசினியில் இருந்தாள். இரவில் கேட்கலாம் என்று நினைப்பேன்; அவள் அக்கா சொன்ன கதைகளைச் சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவாள். பொங்கலுக்கு முதல்நாள் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டி கனமாகத்தான் இருந்தது. எப்ப வாறீர் என்று பஸ் புறப்படும் வரை கேட்க இருந்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

தனிமையில் பொங்கல் வந்தது. பொங்கினேன். அடிப்பிடித்தது. மாட்டுக்கு வைத்தேன், மாடு மணந்து பார்த்துவிட்டுப் பாதையைப் பார்த்தது.

பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் அக்கா பொட்டால் வந்தார். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர், ஒரு கோப்பை சோறு. குசினியைச் சுற்றிப் பார்த்தார். கரிப்பிடித்த பானையைப் பார்த்தார். அதை எடுத்து வெளியே வைத்து மண் போட்டு உரஞ்சத் தொடங்கினார்.

"வாற வெள்ளிக்கிழமைக்கிடையில உதெல்லாத்தையும் துப்புரவாக்க வேணும், தம்பி," என்றார். "பின்னேர பஸ்ஸிலதானே வாறா. எங்கட அவர் வண்டில் கொண்டு போறாராம். தாய் வீட்டிலயிருந்து அம்மியும் ஒண்டு கொண்டாறாவாம், சைக்கிள் தாங்காது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுந்தானே வெள்ளிக்கிழமையெண்டு?" என்று கேட்டார் அக்கா.

"ஓம், ஓம். சொன்னவா," என்றேன்.

அக்கா பானையை உரஞ்சுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"உங்களுக்குச் சொல்லேல்லையெண்டும் சொன்னவா."